டிடிஜி 31, கட்-ஆஃப் 20: குழந்தைக்குச் சப்பாத்தியை நிறுத்திடலாமா?

தண்டையார்பேட்டை தேவி:
எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சி பொண்ணுக்காகக் கேக்கறேன். வயசு ஒன்பது. ரொம்ப நாளா ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்ட மாட்டேங்குது. இரும்புச்சத்து சிரப் மாத்தி மாத்திக் குடுத்தாச்சு, பூச்சி மருந்தும் குடுத்தாச்சு. கிளாஸ்லயே குட்டை இவதான். அடிக்கடி வயிறு உப்பிக்கும். பேதி பெருசா இல்ல. குழந்தை டாக்டர் "எதுக்கும் சீலியாக் ஒண்ணு பாத்துடலாம்"னு எழுதிக் குடுத்தார். கோதுமை ஒத்துக்காம குடல் கெட்டுப்போற வியாதியாம் அது. வந்த ரிப்போர்ட் இவ்வளவுதான்:

டிடிஜி ஐஜிஏ: 31. நார்மல்: 20க்குக் கீழ்.

பக்கத்துல தடிச்ச எழுத்துல பாசிட்டிவ்னு போட்டிருக்கு. டாக்டர் ஊர்ல இல்ல, அடுத்த வாரம்தான் வருவார். அதுக்குள்ள வீட்ல ரெண்டு கட்சி. தங்கச்சி மாமியார் இன்னிக்கே கோதுமையை நிறுத்துங்கறாங்க. தங்கச்சி வீட்டுக்காரர் "இது பஞ்சாப்காரங்க வியாதி, ரசம் சோறு சாப்பிடற நமக்கு எங்கேருந்து வரும், லேப்காரன் தப்பு பண்ணிட்டான்"ங்கறார். இந்த ரத்த டெஸ்ட்டை எவ்வளவு நம்பலாம்? வேற லேப்ல திரும்ப எடுக்கணுமா?

இயற்கைவாசி:
அக்கா, டெஸ்ட்டே வேண்டாம். கோதுமை நம்ம மண்ணுக்குச் சம்பந்தமில்லாத தானியம். நிறுத்திப் பாருங்க, பதினைஞ்சே நாள்ல குழந்தை துள்ளி ஓடும். கேழ்வரகு, கம்பு, வரகு குடுங்க. எங்க வீட்ல கோதுமை நுழைஞ்சே பல வருஷமாச்சு.

பெரம்பூர் லேப்காரன்:
தேவி அக்கா, மேல சொன்னதை மட்டும் தயவுசெஞ்சு இப்ப செய்யாதீங்க. கேழ்வரகு நல்லதுதான், அதுல எனக்குச் சண்டை இல்ல. ஆனா டாக்டர் பாத்து முடிக்கற வரைக்கும் குழந்தை வழக்கம்போல சப்பாத்தி, பூரி, பிரெட், பிஸ்கட் எல்லாம் சாப்பிடட்டும். இந்த டெஸ்ட் தேடறது கோதுமையை இல்ல. கோதுமைல இருக்கற குளூட்டன் உள்ள போகப் போக, உடம்பு தன்னோட டிடிஜிங்கற நொதி மேலயே ஆன்டிபாடி உண்டாக்குது பாருங்க, அதைத்தான் தேடுது. ஐஜிஏங்கறது ஆன்டிபாடில ஒரு வகை. கோதுமையை நிறுத்தினா அது மெல்ல இறங்கிடும். குடலும் கொஞ்சம் கொஞ்சமா ஆற ஆரம்பிக்கும். அப்புறம் எந்தப் பெரிய டாக்டர்கிட்ட போனாலும் "இருந்துச்சா இல்லையா"ன்னு அவரும் முழிக்க வேண்டியதுதான்.

நான் லேப்ல பென்ச்ல வேலை பாக்கறவன், டாக்டர் இல்ல. அதனால அந்த 31ஐப் பத்தி மட்டும் சொல்றேன்.

பெரும்பாலும் இது எலைசா முறை. ஒரு தட்டுல 96 குழி. ஒவ்வொரு குழியிலயும் டிடிஜி புரதத்தைப் பூசி வச்சிருப்பாங்க. உங்க குழந்தையோட சீரத்தை, அதாவது ரத்தத்துலேருந்து பிரிச்ச தெளிஞ்ச திரவத்தை, நீர்த்து ஒரு குழில விடுவோம். காத்திருந்து கழுவி, அடுத்த மருந்தை விட்டு, மறுபடி கழுவி, கடைசியா நிறம் குடுக்கற திரவத்தை விட்டா நீலமா மாறும். அமிலம் விட்டு நிறுத்தினா அந்த நீலம் மஞ்சளாயிடும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தின்னு மெஷின் பாத்து எண்ணாக்கிக் குடுக்குது. கழுவறது சரியில்லன்னா ஒண்ணுமில்லாத குழியிலகூட லேசா மஞ்சள் தங்கும். 200 வர்ற ஆளுக்கு அதனால ஒரு பாதிப்பும் இல்ல. 18க்கும் 31க்கும் நடுவுல நிக்கறவங்களுக்குத்தான் வம்பு.

அடுத்தது, யூனிட். ஒரு கம்பெனி கிட்ல கட்-ஆஃப் 20, இன்னொண்ணுல 10, வேற ஒண்ணுல 4. எல்லாரும் யூனிட்னுதான் போடுவாங்க, ஆனா அளவுகோல் ஆளாளுக்கு வேற. அதனால 31ங்கறதைத் தனியா பாக்காதீங்க, கட்-ஆஃப் மாதிரி எத்தனை மடங்குன்னு பாருங்க. இது ஒன்றரை மடங்கு, அவ்வளவுதான். நாளைக்கு வேற லேப்ல 12 வந்துச்சுன்னா "குறைஞ்சிடுச்சு"ன்னு சந்தோஷப்பட முடியாது. அங்க கட்-ஆஃப் 4ஆ இருந்தா அது மூணு மடங்கு.

சின்ன லேப்ல இது தினம் ஓடற டெஸ்ட் இல்ல. சாம்பிளைச் சேத்து வைப்பாங்க, இல்லன்னா பையன் பைக்ல வந்து வாங்கிட்டுப் போய் பெரிய லேப்ல ஓடும். ரிப்போர்ட் அடியில பொடி எழுத்துல முறையும் செஞ்ச இடமும் போட்டிருக்கும். அதையும் பாருங்க, மொத்த ஐஜிஏன்னு, அதாவது உடம்புல அந்த வகை ஆன்டிபாடி மொத்தம் எவ்வளவுன்னு, தனியா ஒரு வரி இருக்கான்னும் பாருங்க.

தண்டையார்பேட்டை தேவி:
எலைசான்னுதான் போட்டிருக்கு தம்பி. மொத்த ஐஜிஏ எடுக்கல. கோதுமை நிறுத்தல, நேத்து ராத்திரிகூட பூரிதான். நீங்க எழுதினதைத் தங்கச்சிக்கு அனுப்பிட்டேன்.

மின்ட் தெரு மகேஷ்:
தேவி மேடம், நாங்க மூணு தலைமுறையா சவுகார்பேட்டை. வீட்ல காலைல புல்கா, ராத்திரி புல்கா, நடுவுல மட்டும் சாம்பார் சாதம். எங்க அப்பாவுக்கு சீலியாக். கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரும் டெஸ்ட் எடுக்கணும்னு டாக்டர் சொன்னார். என் தங்கைக்கு டிடிஜி 0.8 வந்தது. நெகட்டிவ்னு இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம். டாக்டர் மட்டும் அந்த 0.8ஐயே உத்துப் பாத்துட்டு மொத்த ஐஜிஏ எடுக்கச் சொன்னார். அவளுக்கு ஐஜிஏ கிட்டத்தட்ட இல்லவே இல்ல. பிறவிலேயே அப்படித்தான். ஐஜிஏவே இல்லாதவங்களுக்கு ஐஜிஏ டெஸ்ட் எடுத்தா என்ன வரும்? ஐஜிஜிங்கற வேற வகை ஆன்டிபாடில டிஜிபின்னு ஒரு டெஸ்ட் எடுத்ததும் பாசிட்டிவ். எண்டோஸ்கோபிலயும் உறுதியாச்சு. அதனால மொத்த ஐஜிஏ இல்லாத நெகட்டிவ் ரிப்போர்ட்டை நான் நெகட்டிவ்னே எடுத்துக்க மாட்டேன்.

குடல்வழி:
இரைப்பை குடல் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டர் நான். இங்கே யாருக்கும் வைத்தியம் சொல்ல வரவில்லை. கேள்வி "எவ்வளவு நம்பலாம்" என்பதால் எழுதுகிறேன்.

மகேஷ்ஜி சொன்னதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். சீலியாக் உள்ள 100 பேரில் 2, 3 பேருக்கு இந்த ஐஜிஏ குறைபாடும் சேர்ந்தே இருக்கும். ஆனால் தேவி அவர்கள் கேட்கும் குழந்தைக்கு ஐஜிஏ டெஸ்ட்டே பாசிட்டிவ். அப்படியென்றால் ஐஜிஏ இருக்கிறது. மொத்த ஐஜிஏ எடுப்பதில் தப்பில்லை, ஆனால் இங்கே சந்தேகம் எதிர்ப்பக்கம்: வந்த பாசிட்டிவ் நிஜம்தானா?

டிடிஜி ஐஜிஏவுக்குப் புத்தகத்தில் நல்ல பெயர். நோயுள்ள 100 பேரில் 93 முதல் 95 பேரைப் பிடித்துவிடும். நோயில்லாத 100 பேரில் 95 முதல் 97 பேருக்கு "இல்லை" என்று சரியாகச் சொல்லும். காசிமேட்டு வலைதான் இது. கண்ணைச் சிறிதாக்கினால் மீன் தப்பாது, குப்பையும் சேர்ந்து வரும். கட்-ஆஃப் எங்கே வைக்கிறோம் என்பது அந்தக் கண்ணின் அளவு.

ஆனால் "பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு" என்ற கேள்விக்கு இந்த எண்கள் மட்டும் பதில் சொல்லாது. டெஸ்ட் எடுத்தவர் யார் என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் கூட்டாளிகளும் 2016ல் வெளியிட்ட ஆய்வில், நாட்டின் மூன்று பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்ட ஆரோக்கியமான பெரியவர்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். ஆன்டிபாடி இருந்தவர்கள் வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கே 0.87, தெற்கே 0.10. மரபணுவில் பெரிய வித்தியாசமில்லை. சீலியாக் வருவதற்கு அடிப்படையான டிக்யூ2, டிக்யூ8 என்ற இரண்டு மரபணு வகைகளில் ஒன்று மூன்று பகுதியிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் இருந்தது. வித்தியாசம் தட்டில்தான்: ஒரு நாளைக்குக் கோதுமை வடக்கே சராசரி 455 கிராம், தெற்கே 25.

ஆக, தேவி அவர்களின் தங்கை கணவர் சொன்னது பாதி சரி. இங்கே குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்பது கிடையாது. மரபணு இருக்கிறது, கோதுமையும் இப்போது பள்ளிக்கூட டிபன் டப்பா வரைக்கும் வந்துவிட்டது.

இப்போது கணக்கு. நோய் 1000க்கு ஒருவருக்கு உள்ள ஊரில் கண்ணை மூடிக்கொண்டு 10,000 பேருக்கு டெஸ்ட் எடுத்தால், நிஜ நோயாளி 10 பேர். டெஸ்ட் 9, 10 பேரைப் பிடிக்கும். மீதி 9,990 பேரில் 3 சதவீதம் என்றால் 300 பேருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ். பாசிட்டிவ் சீட்டோடு வரும் 310 பேரில் நிஜம் 10 பேருக்குத்தான். அதே டெஸ்ட்டை, இரும்பு கொடுத்தும் ஏறாத ரத்தசோகையும் வளர்த்திக் குறைவும் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 1000 குழந்தைகளில் 50 பேருக்கு நோய் என்றால், 47 பேர் நிஜம், 28 பேர் பொய். டெஸ்ட் அதேதான், கிட் அதேதான், சீட்டின் மதிப்பு தலைகீழ்.

இந்தக் குழந்தை இரண்டாவது கூட்டம். அதனால் "லேப் தப்பு" என்று தூக்கிப் போடவும் கூடாது. ஒன்றரை மடங்குதான் என்பதால் முடிவு கட்டவும் கூடாது.

கொடுங்கையூர் கணக்கு வாத்தியார்:
//300 பேருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ்//

டாக்டர் சார், கணக்கு இடிக்கிறதே. 3 சதவீதம் பொய் பாசிட்டிவ் வரும் என்றால், நீங்கள் சொன்ன அந்த ஆய்வில் தெற்கே குறைந்தது 3 சதவீதமாவது பாசிட்டிவ் வந்திருக்க வேண்டும். வந்தது 0.10 என்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து எப்படி நிற்கும்?

குடல்வழி:
வாத்தியார் என்றால் வாத்தியார்தான். 97 என்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை வைத்து அளந்த எண். அங்கே "நோயில்லாதவர்" என்றால் சீலியாக் இல்லாதவர், அவ்வளவுதான். அவருக்குக் கல்லீரல் நோய் இருக்கலாம், வேறு குடல் நோய் இருக்கலாம், சமீபத்தில் ஏதாவது தொற்று வந்திருக்கலாம். இவையெல்லாம் டிடிஜியை லேசாகத் தூக்கிவிடும். தெருவில் நடமாடும் ஆரோக்கியமான ஆட்களிடம் பொய் பாசிட்டிவ் மிகக் குறைவு. கிட்டுக்குக் கிட்டும் மாறும். 300 என்பதை 30 என்று வைத்துக்கொண்டாலும் 10 நிஜத்துக்கு 30 பொய். அந்த ஆய்விலேயே தெற்கில் ஆன்டிபாடி இருந்தவர்களில் குடல் சேதம் வரை உறுதியானவர்கள் சிறு பங்குதான். எண் மாறும், சாய்வு மாறாது.

கொடுங்கையூர் கணக்கு வாத்தியார்:
இது சரி. ஒப்புக்கொள்கிறேன்.

திருவொற்றியூர் அம்மா:
என் பையனுக்கு டைப் 1 சுகர், இன்சுலின் போடறோம். அந்தப் பிள்ளைங்களுக்கு சீலியாக் வர வாய்ப்பு கூடன்னு அப்பப்போ டிடிஜி பாப்பாங்க. ஒரு தடவை கட்-ஆஃபைவிடக் கொஞ்சம் கூட வந்துச்சு. எனக்கு ராத்திரி தூக்கமில்ல. ஏற்கெனவே இனிப்பு இல்ல, இனி பிஸ்கட்டும் இல்லையான்னு. எங்க டாக்டர் சாப்பாட்டுல கையே வைக்காதீங்க, சில மாசம் கழிச்சுப் பாக்கலாம்னார். பாத்தப்ப தானா இறங்கி நார்மல். இப்பவும் வருஷா வருஷம் பாக்கறோம். தேவி, உங்க குழந்தைக்கு அப்படித்தான் இருக்கும்னு சொல்லல. லேசான பாசிட்டிவ்னா மனசு விட்டுடாதீங்கன்னு சொல்றேன்.

குடல்வழி:
அம்மா சொல்வது டைப் 1 குழந்தைகளிடம் நன்றாகத் தெரிந்த விஷயம். லேசாக ஏறும், கோதுமை சாப்பிட்டுக்கொண்டே இருந்தாலும் சிலருக்குத் தானாக இறங்கும். அறிகுறி இல்லாத குழந்தைக்குக் காத்திருந்து பார்க்கலாம். தேவி அவர்களின் குழந்தைக்கு ரத்தசோகை இருப்பதால் காத்திருப்பது சரிவராது.

காசிமேடு கடலோடி:
டாக்டர் சார், நமக்கு ஒரு டவுட்டு. நான் போட்டுல போறவன். பரோட்டா துன்னா வயிறு கல்லு மாரி ஆவும், காத்து பிரியும், ஒரே ரோதனை. யூடியூப்ல பாத்துகினு மாவு அயிட்டத்தயே வுட்டுட்டேன். மீனு, சோறு, அவ்ளோதான். வயிறு சூப்பரா கீது. அப்பால ஏதோ பேக்கேஜ்ல டெஸ்ட் எட்த்தாங்க, டிடிஜி நெகட்டிவ். மொத்த ஐஜிஏவும் நார்மல்தான். அப்போ எனுக்கு அந்த வியாதி இல்லதானே? பரோட்டா துன்னலாமா?

பெரம்பூர் லேப்காரன்:
அண்ணே, நீங்க மாவை வுட்டப்பறம் எடுத்த டெஸ்ட் அது. கையெழுத்துப் போட்டுக் குடுத்தாலும் அதுக்கு மதிப்பில்ல. கோதுமை சாப்பிடாதவங்களுக்கு நெகட்டிவ் வர்றது சகஜம்.

இயற்கைவாசி:
//வயிறு சூப்பரா கீது//

இதைவிட என்ன ப்ரூஃப் வேணும்? நிறுத்தினா சரியாயிடுச்சு, அப்ப அதுதானே வியாதி. 300 பேருக்குப் பொய் சொல்ற டெஸ்ட்டை வச்சுக்கிட்டு இங்க ஆராய்ச்சி பண்றீங்க.

குடல்வழி:
கோதுமையை விட்டதும் வயிறு லேசாவது சீலியாக் இல்லாத ஏகப்பட்ட பேருக்கும் நடக்கும். கோதுமையில் குளூட்டன் மட்டும் இல்லை, ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலியும் இருக்கிறது. அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும். வெங்காயம், பூண்டிலும் அதுவேதான். சீலியாக் இல்லாமல் குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னவர்களுக்கு, எது என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்து நார்வேயில் பார்த்தார்கள். 2018ல் வந்த அந்த முடிவில் தொந்தரவு கூடியது ஃப்ரக்டானுக்குத்தான், குளூட்டனுக்கு இல்லை. பரோட்டாவில் எண்ணெய் வேறு இருக்கிறது, அதைக் கணக்கில் விட்டுவிட்டோம்.

கடலோடி அண்ணே, உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 மரபணு டெஸ்ட். சாப்பாடு எதுவானாலும் அது மாறாது. இரண்டுமே இல்லை என்று வந்தால் சீலியாக் கதையை அனேகமாக மூடிவிடலாம். இருக்கிறது என்று வந்தால் மட்டும் நோய் என்று அர்த்தமில்லை, நான் சொன்னேனே, மூன்றில் ஒருவரிடம் இருக்கிறது. இன்னொன்று, டாக்டர் கண்காணிப்பில் மறுபடி கோதுமை சாப்பிட்டு, அதற்குப் பிறகு ரத்தம் கொடுப்பது. தினம் இரண்டு சப்பாத்தி அளவு, 6 முதல் 8 வாரம். ஒரு சப்பாத்தியிலேயே குளூட்டன் இரண்டரை, மூன்று கிராம் வந்துவிடும். ரொம்ப முடியாதவர்களுக்கு நாளைக்கு 3 கிராம் என்று இரண்டு வாரத்திலேயே பார்ப்பதும் உண்டு, ஆனால் அப்போது நெகட்டிவ் வந்தால் நீட்டிக்க வேண்டும்.

வியாசர்பாடி பர்மாக்காரன்:
டாக்டர், அந்த ரெண்டு சப்பாத்திக்குப் பதிலா பீச் ஸ்டேஷன் எதிர்ல ஒரு தட்டு அத்தோ அடிச்சா கணக்குல சேருமா? சேரும்னா நானும் வாலன்டியர்.

பெரம்பூர் லேப்காரன்:
அத்தோ நூடுல்ஸ் மைதாதான், சேரும். முட்டை மசாலா சேராது தலைவா.

காசிமேடு கடலோடி:
இன்னா சார் இது, இல்லன்னு தெரிஞ்சிக்கறதுக்கு ரெண்டு மாசம் துன்னணுமா. மொதல்ல அந்த ஜீன் டெஸ்ட்டயே பாத்துக்கறேன்.

கொளத்தூர் பிரியா:
நான் ஒரு பெரிய பேனல் எடுத்தேன், 200க்கும் மேல உணவு. கோதுமை, பால், முட்டை, கத்திரிக்காய்னு பாதி சிவப்புல வந்திருக்கு. கோதுமை ஐஜிஜி ரொம்ப அதிகம். இதுவும் சீலியாக் டெஸ்ட்தானே?

பெரம்பூர் லேப்காரன்:
இல்லவே இல்ல பிரியா. நம்ம எதைச் சாப்பிடறோமோ அதுக்கெல்லாம் உடம்புல கொஞ்சம் ஐஜிஜி இருக்கத்தான் செய்யும், அது பழக்கத்தோட அடையாளம். அலர்ஜி டாக்டர்கள் சங்கங்களே இதை வச்சு சாப்பாட்டைக் கட் பண்ணாதீங்கன்னு சொல்லியிருக்காங்க. எந்த லேப்ங்கறது முக்கியமில்ல, இந்த வகை பேனலே அப்படித்தான். ஐஜிஈ வகைல பாக்கறது கோதுமை அலர்ஜி, தடிப்பு, மூச்சிரைப்பு வர்ற சமாச்சாரம். அதுவும் சீலியாக் இல்ல. பழைய ரிப்போர்ட்ல ஆன்டி கிளையடின்னு ஒண்ணு இருந்தா அதையும் பெருசா எடுத்துக்காதீங்க, அதோட காலம் முடிஞ்சு போச்சு.

மட்டுறுத்துநர்:
லேப் பெயரும் விலைப்பட்டியலும் போட்ட இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். விவாதம் தொடரட்டும்.

மின்ட் தெரு மகேஷ்:
டாக்டர் சார், ஒரு விஷயம் எனக்கு ஒத்துக்கல. ஒன்பது வயசுக் குழந்தைக்கு எண்டோஸ்கோபி வரைக்கும் போகணுமா? ஐரோப்பால ரத்த டெஸ்ட்டை மட்டும் வச்சே குழந்தைங்களுக்கு உறுதி பண்றாங்கன்னு படிச்சேன். மயக்க மருந்து, ட்யூப், இதெல்லாம் எதுக்கு?

குடல்வழி:
படித்தது சரி, ஆனால் வாசலிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. ஐரோப்பியக் குழந்தைக் குடல் மருத்துவர் சங்கம் 2012ல் கொண்டுவந்து 2020ல் எளிதாக்கிய விதி அது. டிடிஜி ஐஜிஏ கட்-ஆஃபைப் போல 10 மடங்கோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அதோடு தனியாக எடுத்த இரண்டாவது ரத்தத்தில் ஈஎம்ஏ என்ற இன்னொரு ஆன்டிபாடி டெஸ்ட்டும் பாசிட்டிவ் வர வேண்டும். அப்போதுதான் பயாப்சி, அதாவது எண்டோஸ்கோபியில் குடல் துண்டு எடுத்துப் பார்ப்பது, இல்லாமல் முடிவு செய்யலாம், அதுவும் பெற்றோரோடு பேசி. இந்தக் குழந்தைக்கு அது 200ஆவது வர வேண்டும். 31க்கு அந்த விதியை நீட்ட முடியாது. இந்த மாதிரி நடுவாந்தர எண்ணுக்குத்தான் பயாப்சியே கண்டுபிடித்தது மாதிரி.

பெரம்பூர் லேப்காரன்:
ஈஎம்ஏ பத்தி ஒரு வார்த்தை. டிடிஜி மாதிரி மெஷின் எண் குடுக்கற டெஸ்ட் இல்ல அது. குரங்கோட உணவுக்குழாய், இல்லன்னா பிரசவத்துல எடுத்த தொப்புள்கொடி, அதோட மெல்லிசு சீவல் ஸ்லைடுல இருக்கும். அது மேல சீரத்தை விட்டு, ஒளிரும் சாயம் ஏத்தி, இருட்டு ரூம்ல ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்ல ஆள்தான் கண்ணால பாக்கணும். பாசிட்டிவ்னா தசைநாரைச் சுத்தி பச்சைப் பச்சேல்னு வலை பின்னின மாதிரி தெரியும். தெளிவா தெரிஞ்சா நம்பலாம், பொய்யா வர்றது ரொம்ப அபூர்வம். சிக்கல் என்னன்னா பாக்கற கண்ணு பழகின கண்ணா இருக்கணும். லேசா பச்சை தெரிஞ்சா ஒருத்தர் பாசிட்டிவ்ம்பார், பக்கத்து சீட்காரர் நெகட்டிவ்ம்பார். எங்க கிளைல இதைச் செய்யறதில்ல, வெளில அனுப்பறோம். அக்கா, வேற லேப்ல டிடிஜியையே திரும்ப எடுக்கறதுக்குப் பதிலா டாக்டர்கிட்ட ஈஎம்ஏ கேட்டுப் பாருங்க.

பழைய வண்ணை நோயியல்:
பயாப்சி ஸ்லைடு பார்த்தே பணி ஓய்வு பெற்றவள். பயாப்சி என்றதும் அதுதான் கடைசித் தீர்ப்பு என்பது போல இங்கே பேச்சு போகிறது. அதையும் கொஞ்சம் கிள்ளிப் பார்க்க வேண்டும்.

சிறுகுடலின் முதல் பகுதியில் உள்சுவர் முழுக்க விரல் விரலாகக் குடலுறிஞ்சிகள் நிற்கும். சீலியாக்கில் அவை மழுங்கி, கடைசியில் தரையோடு தரையாகிவிடும். மார்ஷ் 3 என்று ரிப்போர்ட்டில் வருவது அதுதான். ஆனால் சேதம் திட்டுத் திட்டாக இருக்கும். ஒரு துண்டு நன்றாக இருக்கும், பக்கத்துத் துண்டு மொட்டை. அதனால் டியோடினம் என்ற அந்த முதல் பகுதிக்குள்ளேயே, இரண்டாம் கூறில் குறைந்தது நாலு துண்டு, தொடக்கத்தில் உள்ள பல்ப்பில் ஒன்றிரண்டு எடுக்க வேண்டும். எனக்கு எத்தனையோ முறை ஒரே பாட்டிலில் இரண்டு பொடித் துண்டு வந்திருக்கிறது, "சீலியாக்?" என்ற ஒரு சொல்லோடு. துண்டை மெழுகில் நேராக நிறுத்தாமல் சாய்த்து வைத்து வெட்டினால் நல்ல விரலும் குட்டையாகத்தான் தெரியும். அதைப் பார்த்து மொட்டை என்று எழுதிவிட்டால் ஒரு குழந்தைக்கு ஆயுள் முழுக்கப் பத்தியம்.

அடுத்தது நம் ஊர் சமாச்சாரம். விரல் மழுங்குவது சீலியாக்கில் மட்டும் இல்லை. வெப்பமண்டல ஸ்ப்ரூ என்று வேறொரு குடல் நோய் உண்டு. 1960களில் வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் கொள்ளைநோயாகவே வந்து, சிஎம்சியில் அதைப் பற்றி நிறைய ஆராய்ச்சி நடந்தது. இப்போது குறைந்துவிட்டது, போய்விடவில்லை. ஜியார்டியா கிருமி, குடல் டிபி, பிபிக்குக் கொடுக்கும் ஓல்மிசார்டான் மாத்திரைகூட இதே மாதிரி காட்டலாம். ஸ்ப்ரூ என்றால் ஃபோலிக் ஆசிடும் ஆன்டிபயாடிக்கும் சில மாதம், கோதுமைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. மைக்ராஸ்கோப்பில் இரண்டையும் பிரிப்பது எனக்கே சில நாள் முடியாமல் போகும். அப்போது ரத்த ரிப்போர்ட்டைத்தான் தேடுவேன். டிடிஜி உயர்ந்திருந்தால் ஒரு பக்கம் சாயும், இல்லையென்றால் மறுபக்கம். பஞ்சாபில் ரத்த டெஸ்ட்டைப் பயாப்சி சரிபார்க்கிறது என்றால், இங்கே பயாப்சியையும் ரத்த டெஸ்ட் சரிபார்க்கிறது.

குடல்வழி:
மேடம், இதற்குமேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. துண்டு எண்ணிக்கை விஷயத்தை எங்கள் டிபார்ட்மென்ட் சுவரிலேயே ஒட்டப் போகிறேன்.

இயற்கைவாசி:
இவ்வளவு குழப்பத்துக்கு நிறுத்திட்டுப் போயிடலாம். கோதுமை இல்லாம ஒருத்தரும் சாகல.

பழைய வண்ணை நோயியல்:
தம்பி, நீங்கள் சொல்வது வீட்டுப் பத்தியம். சீலியாக் பத்தியம் அது இல்லை. சப்பாத்தியை நிறுத்திவிட்டு ஹார்லிக்ஸ் கொடுத்தால் அதில் கோதுமையும் பார்லி மால்ட்டும் இருக்கிறது. சேமியா, ரவை தெரிந்ததுதான். சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பாதி டப்பாக்களில் மைதா சேர்த்திருக்கும். சோயா சாஸிலும் கோதுமை. கடையில் வாங்கும் பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் இந்தியச் சட்டப்படி குளூட்டன் இல்லாதது என்று அச்சடிக்கவே கூடாது. அவ்வளவு சின்ன அளவைப் பார்த்து ஒரு குழந்தை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். கல்யாணப் பந்தியில் உட்காரும்போதும்தான். இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் அந்தக் கஷ்டத்தைப் படலாம். சந்தேகத்துக்காகப் படக் கூடாது. பாதிக் கட்டுப்பாடாக இருந்தால் நோயும் ஆறாது, டெஸ்ட்டும் பிடிபடாது.

மின்ட் தெரு மகேஷ்:
மேடம் சொன்ன பெருங்காயம் எங்க வீட்டுக் கதை. அப்பாவுக்கு டிடிஜி இறங்கவே இல்ல, காரணம் அந்த டப்பாதான்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள போதும்போதும்னு ஆயிடுச்சு. இப்ப இறங்கிடுச்சு. டிடிஜி நார்மல்னா குடல் முழுசா ஆறிடுச்சுன்னு எடுத்துக்கலாமா?

குடல்வழி:
எடுத்துக்கொள்ள முடியாது. பத்தியம் சரியாகப் போகிறது என்பதற்கு நல்ல அடையாளம், அவ்வளவே. பத்தியத்தில் இருப்பவர்களிடம் மிச்சமிருக்கும் குடல் சேதத்தில் பாதியைக்கூட டிடிஜி காட்டிக்கொடுப்பதில்லை. கண்டுபிடிக்கும்போது கூர்மையாக இருக்கும் டெஸ்ட், பின்தொடரும்போது மொக்கை. அப்பாவுக்கு எடை, ஹீமோகுளோபின், அறிகுறி எல்லாம் சேர்த்துத்தான் அவருடைய டாக்டர் பார்ப்பார்.

தண்டையார்பேட்டை தேவி:
டாக்டரைப் பாத்துட்டு வந்தோம். நீங்க எல்லாரும் சொன்னதைத் தங்கச்சி ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போனா. மொத்த ஐஜிஏ நார்மல். ஈஎம்ஏவுக்குப் புது ரத்தம் எடுத்து அனுப்பியிருக்காங்க. மோஷன்ல ஜியார்டியா பாக்கச் சொல்லியிருக்கார். ஈஎம்ஏ எப்படி வந்தாலும் குழந்தைங்களுக்குப் பாக்கற குடல் டாக்டர்கிட்ட எண்டோஸ்கோபி பத்திக் கேட்டுடலாம்னு லெட்டர் குடுத்திருக்கார். கோதுமையைத் தொடாதீங்க, அதாவது நிறுத்தாதீங்கன்னு ரெண்டு தடவை சொன்னார். மாமியார் முகம்தான் தொங்கிப்போச்சு.

ஒண்ணே ஒண்ணு கேக்க மறந்துட்டோம். பாசிட்டிவ்னு உறுதியாச்சுன்னா சின்னவனுக்கும் பாக்கணுமா? அதுக்கு வெறும் வயித்துல போகணுமா?

பெரம்பூர் லேப்காரன்:
உறுதியானா அம்மா, அப்பா, தம்பி எல்லாருக்கும் பாக்கணும்னுதான் டாக்டர்கள் சொல்றாங்க. கூடப் பிறந்தவங்களுக்கு வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட ரொம்ப அதிகம். டிடிஜிக்கு வெறும் வயிறு தேவையில்ல, இட்லி சாப்பிட்டுட்டே வரலாம். எண்டோஸ்கோபிக்குத்தான் வெறும் வயிறு, எத்தனை மணி நேரம்னு அங்க சொல்லுவாங்க. சின்னவனுக்கு எடுக்கும்போது மொத்த ஐஜிஏவையும் சேத்து எழுதச் சொல்லுங்க, ஒரே குத்துல முடிஞ்சிடும்.